நகர் காண ஒரு நூல்: ரோமை முன்வைத்து

பயணம் பற்றிய நூல்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒருவர் தாம் கண்டு வந்த ஊரைப் பிறர் வீட்டிலிருந்தே அறியுமாறு எழுதுவது பயண இலக்கியம். இனி அவ்வூருக்குப் போகவிருப்பவர் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்குமாறு எழுதுவது வழிகாட்டி நூல். முன்னதில் எழுதியவரின் அனுபவமே பொருளாகிறது. பின்னதில் எழுதியவர் ஒதுங்கிக்கொள்ள, படிப்பவரின் கால்வலியும் கைப்பணமும் எஞ்சியிருக்கும் நாள்களும் பொருளாகின்றன. இந்த வேறுபாட்டிலிருந்தே ஒரு சிக்கலும் பிறக்கிறது. வழிகாட்டி நூலின் தரம், அது விவரிக்கும் தெருவில் நின்று படிக்கும்போதுதான் முழுமையாகத் தெரியவரும். அதை வாங்க வேண்டியிருப்பதோ அத்தெருவை இன்னும் காணாத நிலையில். ஊரை அறியாத ஒருவர், ஊரை அறிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பல நூல்களுள் ஒன்றை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதே இவ்வுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

அதற்கு ரோம் நகரம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. பேரரசுக் காலக் கட்டடங்களும் இடைக்காலத் தேவாலயங்களும் பரோக் காலச் சதுக்கங்களும் இன்றைய இத்தாலியத் தலைநகரின் அலுவலகங்களும் அங்கே தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து நிற்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றுக்குள் ஒன்றாகவும் அமைந்துள்ளன. இவை அனைத்தையும் ஒரே நூலில் சொல்லிவிட முடியாது என்பதால், ஒரு நூல் எதற்கு இடம் தந்தது, எதைக் கைவிட்டது என்பது ரோமைப் பொறுத்தவரை பளிச்செனத் தெரிந்துவிடும். மேலும், ஏறத்தாழ 900 ஆண்டுகளாக வழிகாட்டி நூல்கள் எழுதப்பட்டுவரும் நகரம் அது.

அந்த மரபின் முதல் பெரும் நூல், 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலத்தீனில் தோன்றிய ‘மிராபிலியா உர்பிஸ் ரோமே’, அதாவது ‘ரோம் நகரின் அதிசயங்கள்’. வாயில்கள், வளைவுகள், குன்றுகள், அரண்மனைகள் என்று பட்டியலிட்டுக்கொண்டே செல்லும் அச்சிறு நூல், கட்டுக்கதைகளையும் அதே உறுதியோடு இடையிடையே சொல்லிவிடுகிறது; புனிதர்களின் கல்லறைகளைத் தரிசிக்க வந்த யாத்திரிகர்களிடையே அதுவும் அதன் வழிவந்த நூல்களும் பல நூற்றாண்டுகள் வழங்கின. 1554இல் கட்டடக்கலைஞர் ஆந்திரேயா பல்லாதியோ, பழைய அதிசய நூல்களில் பொய் மலிந்திருப்பதைக் குறைகூறி, ரோமின் தொன்மைச் சின்னங்களுக்கு ஒன்றும் தேவாலயங்களுக்கு மற்றொன்றுமாக இரண்டு கையடக்க நூல்களை வெளியிட்டார். இடிபாடுகளை நாடி வருபவரையும் திருத்தலங்களை நாடி வருபவரையும் ஒரே நூலால் நிறைவு செய்ய இயலாது என்பதை அந்தப் பிரிவினையே காட்டுகிறது. 1763இல் ஜுசெப்பே வாசி என்னும் செதுக்கோவியர் (செப்புத்தகட்டில் படம் செதுக்கி அச்சிடுபவர்) நகரத்தை எட்டு நாள் நடைகளாகப் பகுத்து ஒரு நூல் எழுதினார். இடங்களை வகைப்படுத்தி அடுக்குவதை விட்டு, பயணியின் நாளையே அலகாகக் கொண்ட அந்த முறைதான், ‘ரோமில் மூன்று நாள்’ என்று இன்றைய நூல்கள் முதற்பக்கங்களில் அச்சிடும் திட்டங்களின் முன்னோடி.

19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பலும் இரயிலும் நடுத்தர வகுப்பினரை ஊர் சுற்ற வைத்தபோது, வழிகாட்டி நூல் ஒரு தொழிலாயிற்று. இலண்டனில் மூன்றாம் ஜான் மரே 1836இல் தம் கைநூல் வரிசையைத் தொடங்கினார். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்துப் புத்தக வணிகரான கார்ல் பேடெக்கர் அவ்வரிசையைப் பின்பற்றி, அதைவிடச் செறிவாகவும் துல்லியமாகவும் தம் நூல்களை அமைத்தார். கூலிக்கு அமர்த்தப்படும் வழிகாட்டியையும் விடுதிக்காரரையும் நம்பியிருக்கும் நிலையிலிருந்து பயணியை விடுவிப்பதே பேடெக்கரின் நோக்கம். முதன்மையான இடங்களுக்கு நட்சத்திரக் குறி இடும் வழக்கத்தை ஐரோப்பா முழுவதும் பரப்பியது அவருடைய பதிப்பகம்தான். அதற்கும் முன்பே மரியானா ஸ்டார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர், இத்தாலிய ஓவியங்களுக்கு அவற்றின் சிறப்புக்கேற்ப ஒன்று, இரண்டு, மூன்று என்று வியப்புக்குறிகள் இட்டு வந்தார் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. நட்சத்திரத்தைவிட வியப்புக்குறி நேர்மையானது என்றுகூட வாதிடலாம். வியந்தவர் யாரோ ஒருவர் என்பதை அது மறைப்பதில்லை.

நட்சத்திரம் அதை மறைத்துவிடுகிறது. அளந்து பார்த்துத் தந்த மதிப்பெண் போல அது தோற்றமளிக்கிறது. உண்மையில் அது ஒரு காலத்தின் இரசனை. நவோனா சதுக்கத்துக்கு அருகிலுள்ள சான் லுயிஜி தெய் ஃபிரான்செசி தேவாலயத்தில், ஒரு பக்கச் சிற்றாலயத்தின் மூன்று சுவர்களிலும், புனித மத்தேயுவின் வாழ்வைக் காட்டும் மூன்று ஓவியங்கள் உள்ளன. கரவாஜோ 1599 முதல் 1602 வரையிலான ஆண்டுகளில் தீட்டியவை. இன்று ரோம் பற்றிய பொதுவான வழிகாட்டி நூல் எதுவும் அவற்றை விடுவதில்லை. சிறு பிரதி எடுத்து அட்டையில் போடும் நூல்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுப் பயணிகளோ கரவாஜோவை முரட்டு ஓவியர் என்று ஒதுக்கிவிட்டு, குய்தோ ரேனியின் ‘ஔரோரா’ கூரை ஓவியத்தைக் காண விரைந்தனர். அந்த ஓவியத்தின் பெயரையே இன்றைய பயணிகளில் பெரும்பாலோர் அறியார். 1951இல் கலை வரலாற்றாசிரியர் ரொபெர்த்தோ லொங்கி மிலான் நகரில் நடத்திய பெருங்கண்காட்சிக்குப் பின்னரே கரவாஜோவின் புகழ் பொதுமக்களிடையே ஓங்கிற்று. சுவரும் ஓவியமும் இருந்த இடத்திலேயே இருக்க, நட்சத்திரம் மட்டும் இடம் மாறியது. எனவே, குறியிடும் நூல் கூடாதென்பதில்லை. குறியோடு காரணத்தையும் சொல்லும் நூல் வேண்டும். காரணம் சொல்லப்பட்டால்தான் படிப்பவர் அதனோடு உடன்படவோ மறுக்கவோ முடியும். ‘தவறவிடக் கூடாதது’ என்று மட்டும் எழுதப்பட்ட பக்கத்தோடு வாதிட வழியில்லை.

வழிகாட்டி நூலின் அடிப்படை இலக்கணத்தைத் தமிழ் வாசகர்கள் வேறொரு வகையில் முன்பே அறிவர். பத்துப்பாட்டின் பாட்டுகளில் ஐந்து, வழிப்படுத்தும் பாட்டுகளாகிய ஆற்றுப்படைகள். அவற்றுள் மலைபடுகடாம், நன்னன் என்னும் மன்னனிடம் பரிசு பெற்று வரும் கூத்தன் எதிர்ப்படும் கூத்தனுக்கு வழி சொல்வதாக அமைந்தது. வழியிலுள்ள பள்ளம், பாம்பு, வழுக்குப்பாறை ஆகியவற்றையும், எந்தக் குடியினர் என்ன உணவு தருவர் என்பதையும் அது விரித்துரைக்கிறது. இங்கே கருதத்தக்கது, கூத்தனுக்குக் கூத்தனே வழி சொல்கிறான் என்பது. அவனுக்கு எது தேவை, எது அச்சம் தரும், எதைக் கண்டு மகிழ்வான் என்பது சொல்பவனுக்குத் தெரியும். இன்றைய அச்சு நூல்களிலும் ஒவ்வொன்றுக்கும் மனத்தில் ஒரு வாசகர் இருக்கிறார், ஆனால் அவர் யாரென்று நூல் வெளிப்படையாகச் சொல்வதில்லை. வாங்குபவரே கண்டுபிடித்தாக வேண்டும். ரோமின் உணவுப் பகுதியைப் புரட்டினால் இது எளிதில் விளங்கும். சைவ உணவினருக்கு ஏற்றதென்று பல நூல்கள் ‘காச்சோ எ பெப்பே’ என்னும் பாலாடைக்கட்டியும் மிளகும் சேர்ந்த பாஸ்தாவைப் பரிந்துரைக்கின்றன. அதில் சேரும் பெக்கொரினோ ரொமானோ பாலாடைக்கட்டி, ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட் என்னும் உறைபொருள் கொண்டு செய்யப்படுவது. அதைச் சொல்லும் நூல், கண்டிப்பான சைவரையும் தன் வாசகராக எண்ணியிருக்கிறது. சொல்லாத நூல் எண்ணவில்லை.

இனி, தேர்வுக்கு மிகவும் இன்றியமையாத ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். வழிகாட்டி நூலில் உள்ள செய்திகள் அனைத்தும் ஒரே வேகத்தில் பழையனவாவதில்லை. பாந்தியன் கோயிலை எடுத்துக்கொள்ளலாம். ஹேட்ரியன் பேரரசர் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது அது. முகப்பிலுள்ள கல்வெட்டோ, அதே இடத்தில் முன்பிருந்த கட்டடத்தை எழுப்பிய அக்ரிப்பாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. கம்பி வலுவூட்டல் இல்லாத காங்கிரீட் குவிமாடங்களுள் உலகிலேயே பெரியது அதனுடையது, விட்டமும் தரையிலிருந்து உச்சி வரையிலான உயரமும் ஒரே அளவாக ஏறத்தாழ 43 மீட்டர். இவை நூறாண்டுக்கு முந்தைய நூலில் இருந்தாலும் பயன்படும். ஆனால் பாந்தியனைக் கட்டணமின்றிக் காணலாம் என்னும் வரி, 2023 ஜூலையில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் நடைமுறைக்கு வந்த அன்றே பொய்யாகிவிட்டது. ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த வரிகளில், ஒரு செய்தி நூற்றாண்டுகளும் மற்றொன்று சில மாதங்களும் வாழ்கின்றன.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதொரு வகை உண்டு. அதுவே பெரிதும் கவனிக்கப்படாதது. அதை ஊரின் நடைமுறை என்று குறிப்பிடலாம். ரோமின் தேவாலயங்களில் பல நண்பகலையொட்டி மூடப்பட்டு, பிற்பகல் மூன்று அல்லது நான்கு மணிக்குத்தான் மீண்டும் திறக்கப்படுகின்றன. வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர ஏனைய ஞாயிறுகளில் மூடியிருக்கும். அந்தக் கடைசி ஞாயிறன்று அனுமதி இலவசம் என்பதால் அன்று கூட்டம் பெருகிவிடும். பொர்கேசே கலைக்கூடத்துக்கு முன்பதிவு வேண்டும், அதுவும் இரண்டு மணி நேரத் தவணையாக மட்டுமே உள்ளே இருக்கலாம். இத்தகைய நடைமுறைகள் விலையைப் போல அடிக்கடி மாறுவதில்லை. ஆயினும் ஒரு நாளின் வடிவத்தையே இவைதாம் தீர்மானிக்கின்றன. திறப்பு நேரத்தை ஒவ்வோர் இடத்தின் கீழும் சிறிய எழுத்தில் அச்சிடுவது ஒன்று. காலையில் தேவாலயங்களையும், அவை மூடியிருக்கும் நேரத்தில் திறந்தவெளி இடிபாடுகளையும், மாலையில் மீண்டும் தேவாலயங்களையும் வைத்து நடைப்பாதை அமைத்துத் தருவது வேறொன்று. முன்னது தகவல், பின்னதே வழிகாட்டல். கடையில் நூலைப் புரட்டுபவர் அதன் நடைத்திட்டங்களில் ஒன்றைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்: பகல் ஒரு மணிக்கு அது பயணியைப் பூட்டிய தேவாலயக் கதவின் முன் கொண்டுபோய் நிறுத்துமானால், அத்திட்டத்தை வகுத்தவர் அதை நடந்து பார்க்கவில்லை.

நூலின் வயதை அறிய அட்டையை நம்பலாகாது. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் உள்ள பதிப்பு விவரத்தைக் காண வேண்டும். புதிய பதிப்பு என்பது உள்ளடக்கம் திருத்தப்பட்டது. மறு அச்சு என்பது இருந்ததை மீண்டும் அச்சிட்டது. புதிய பதிப்பிலும் களத்தில் தகவல் திரட்டி முடிப்பதற்கும் நூல் கடைக்கு வருவதற்கும் இடையே பல மாதங்கள் கழிந்துவிடும் என்பதால், அச்சான ஆண்டைவிட ஓராண்டு முந்தைய நகரத்தையே அது காட்டும் என்று கொள்வது தகும். ரோமைப் பொறுத்தவரை பாந்தியனுக்குக் கட்டணம் உண்டா என்பது ஒரே பார்வையில் வயதைச் சொல்லிவிடும் சோதனை.

ஆனால் வயதுச் சோதனையில் தேறுவது மட்டுமே தகுதியாகாது. நூல் எவ்வாறு பார்க்கக் கற்றுத்தருகிறது என்பதை அறிய வேறொரு சோதனை தேவை. அதற்குக் கொலோசியத்தையோ புனித பேதுரு பேராலயத்தையோ தேர்ந்தெடுப்பது பயனற்றது. அவற்றை எல்லா நூல்களும் ஓரளவு ஒழுங்காகவே எழுதியிருக்கும். கொலோசியத்திலிருந்து சில நிமிட நடைத்தொலைவிலுள்ள சான் கிளெமெந்தே தேவாலயத்தின் பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும். தெருமட்டத்தில் இருப்பது 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். பீடத்துக்கு மேலே அதன் புகழ்பெற்ற மொசைக் ஓவியம். அதன் அடியில், 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று புதைந்து கிடந்ததை, 1857இல் அங்கிருந்த அயர்லாந்து தொமினிக்கன் சபைத் துறவியரின் தலைவர் ஜோசப் முல்லூலி தொடங்கிய அகழாய்வு வெளிப்படுத்தியது. அதற்கும் கீழே முதல் நூற்றாண்டின் ரோமானியக் கட்டடங்களும், அவற்றுள் ஒன்றில், மித்ரா வழிபாட்டினர் கூடிய குகை போன்ற சிறு கோயிலும் உள்ளன. அந்த ஆழத்தில் நிலத்தடி நீர் ஓடும் ஓசையும் கேட்கும். ரோம் நகரம் எவ்வாறு தன்மேல் தானே வளர்ந்தது என்பதை ஒரே இடத்தில், படியிறங்கியே, இவ்வளவு தெளிவாக அறியக்கூடிய இடம் வேறில்லை.

இந்தப் பக்கத்தில் நூல்கள் தம் இயல்பைக் காட்டிவிடுகின்றன. சில நூல்கள் மொசைக்கைப் பாராட்டிவிட்டு, கீழே இன்னும் பழைய அடுக்குகள் உண்டு என்று ஒரு வரியோடு நகர்ந்துவிடும். சில, ஆண்டுகளையும் பெயர்களையும் கொட்டி நிரப்பும். எந்தச் சுவர் எந்தக் காலத்தது என்று மங்கிய வெளிச்சத்தில் நிற்பவருக்கு அது உதவாது. நல்ல நூல், மூன்று அடுக்குகளுக்கும் தனித்தனிக் கிடைப்படம் (கட்டடத்தை மட்டமாக வெட்டி மேலிருந்து நோக்கினாற்போல் வரையும் படம்) தந்து, படி இறங்கும் வரிசையிலேயே பேசும். இடப்பக்கச் சுவரில் எதைக் காண வேண்டும், எந்தத் தூண் மேலிருக்கும் கட்டடத்தைத் தாங்குவதற்காகப் பின்னால் எழுப்பப்பட்டது என்று கண்ணை நகர்த்தும். இந்த ஒரு பக்கத்தில் தேறும் நூல் பிற இடங்களிலும் பெரும்பாலும் தேறும்.

வரைபடம் பற்றித் தனியே சில சொல்ல வேண்டும், ஏனெனில் கைப்பேசியில் வரைபடம் இருக்கும்போது நூலில் எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. 1748இல் ஜோவான்னி பத்திஸ்தா நொல்லி வெளியிட்ட ரோம் வரைபடம், வீடுகளும் பிற கட்டடங்களும் நிறைந்த பகுதிகளைக் கருமையாகவும், தெருக்களையும் சதுக்கங்களையும் வெண்மையாகவும் காட்டிற்று. அதோடு நிற்காமல், தேவாலயங்களின் உட்புறத்தையும் தூண்களோடு வெண்மையாகவே வரைந்தது. தெருவில் நடப்பவர் தடையின்றி நுழையக்கூடிய இடங்கள் அனைத்தும் ஒரே வெளியின் பகுதிகள் என்னும் அந்த எண்ணம் ரோமை நடந்து பார்ப்பதற்கு இன்றும் பொருந்துவது. கைப்பேசி வரைபடம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் குறுக்குவழி காட்டும். வழியில் திறந்திருக்கும் கதவுக்குள் என்ன இருக்கிறதென்று அதற்குக் கவலையில்லை. பேரரசுக் கால ரோமின் நடுக்களமாகிய ஃபோரத்தில் அது இன்னும் குறைவாகவே உதவும். அங்கே நிற்பவை பெரும்பாலும் அடித்தளங்களும் தனித்தூண்களுமே. எண்ணிட்ட கிடைப்படம் ஒன்று கையில் இல்லாவிட்டால் அவை வெறும் கற்களாகவே எஞ்சும். எனவே நகரம் முழுவதற்குமான மடிப்பு வரைபடத்தைக் காட்டிலும், ஃபோரம், புனித பேதுரு பேராலயம், சான் கிளெமெந்தே போன்ற இடங்களுக்குத் தனித்தனிக் கிடைப்படங்கள் உள்ளனவா என்பதையே பார்க்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் வரிசைகளைப் பற்றி இனிச் சுருக்கமாகக் கூறலாம். 1973இல் தொடங்கிய லோன்லி பிளானட், 1982இல் தொடங்கிய ரஃப் கைட்ஸ் ஆகிய இரண்டும், குறைந்த செலவில் நெடுந்தொலைவு சென்ற இளைஞர்களுக்காகப் பிறந்தவை. தங்குமிடம், போக்குவரத்து, உணவு ஆகியவற்றில் அவற்றின் வலிமை இருந்தது. அந்தப் பகுதியே இணையத்துக்குப் பெயர்ந்துவிட்டதால், இன்று அவற்றின் நகர நூல்களை அவற்றிலுள்ள கட்டுரைப் பகுதிகளின் தரத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டியிருக்கிறது. டார்லிங் கிண்டர்ஸ்லி நிறுவனத்தின் ஐவிட்னஸ் வரிசை 1993இல் வெளிவந்தது. கட்டடங்களை வெட்டிக் காட்டும் வண்ணப்படங்களே அதன் உயிர், சொற்கள் துணைக்கு மட்டுமே. 1918இல் இலண்டன் பற்றிய நூலோடு தொடங்கிய புளூ கைடு வரிசை கலையையும் வரலாற்றையும் தெருத்தெருவாகச் சொல்வது; படம் குறைவு, எழுத்து நெருக்கம், பொறுமை தேவை. தொன்மை ரோமுக்கென்றே அமாண்டா கிளாரிட்ஜ் எழுதி 1998இலும், திருத்திய பதிப்பாக 2010இலும் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட தொல்லியல் வழிகாட்டிக்கு இணையான நூல் ஆங்கிலத்தில் இல்லை. ஆனால் கரவாஜோவின் ஓவியங்களையும் பெர்னினியின் சிற்பங்களையும் அதில் தேடுவது வீண், தொன்மைக் காலத்தோடு அது நின்றுவிடும். இத்தாலியம் படிக்கத் தெரிந்தவருக்கு, 1894இல் மிலானில் மிதிவண்டியாளர் சங்கமாகத் தொடங்கிய துரிங் கிளப் இத்தாலியானோவின் சிவப்பு நூல் வரிசை இவை அனைத்தையும் மிஞ்சும்.

‘சிறந்த பத்து’ என்ற பெயரில் வரும் மெல்லிய நூல்களுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. பத்து இடங்களின் பெயர்கள் விமானத்தில் வைத்திருக்கும் இதழிலேயே கிடைத்துவிடும். அந்தப் பத்து இடங்களுக்கு இடையிலுள்ள தெருக்களில் பயணி என்ன செய்வார் என்பதற்கு அவற்றில் விடையில்லை, ரோமிலோ தெருக்களே பாதி நகரம்.

முதன்முறையாக மூன்று நான்கு நாள்களுக்குச் செல்பவர், நடைத்திட்டங்கள் நேரத்தோடு பொருந்துவதாகவும் கிடைப்படங்கள் நிறைந்ததாகவும் உள்ள ஒரு படநூலின் அண்மைப் பதிப்பைத் தேர்வது தக்கது. கட்டணம், திறப்பு நேரம், முன்பதிவு ஆகியவற்றை எந்த நூலும் இனி உறுதியாகச் சொல்ல இயலாது. அவற்றை அந்தந்த நிறுவனங்களின் அதிகாரபூர்வத் தளங்களில் புறப்படுமுன் சரிபார்த்துக்கொள்வதே முறை. இரண்டாம் முறை செல்பவருக்கும், முதன்முறையே ஆயினும் நின்று பார்க்கும் பொறுமை உள்ளவருக்கும் புளூ கைடும், இடிபாடுகளில் ஈடுபாடு மிக்கவருக்கு கிளாரிட்ஜும் உரியவை. பணத்துக்கும் பையின் எடைக்கும் அஞ்சி ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், விலைகளெல்லாம் காலாவதியாகிப்போன பத்தாண்டுப் பழைய புளூ கைடு, இந்த ஆண்டு அச்சான ‘சிறந்த பத்து’ நூலைவிட ரோமில் மிகுந்த பயன் தரும்.